வேர்க்காத முதுகு

தம்பி,

நேற்று நீ போன் செய்தபோது உன் அம்மா கூடத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். உன் குரல் கேட்டதும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். நீ என்னோடு பேசுவதில்லை என்பதால், அவள் உன்னோடு பேசுவதை நான் கேட்டு வருத்தப்படக் கூடாது என்று அவளாகவே வைத்துக்கொண்ட பழக்கம் அது. வைகாசித் திருவிழாவிலிருந்து இப்படித்தான் நடக்கிறது. திரும்பி வந்து மறுபடி அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்தவள், என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "கல்யாணத்துக்கு மொத நாள் நலங்க வாசல்ல வைக்க வேணாமாம். மாடி ரூம்ல கதவ சாத்திக்கிட்டு நம்மளோட முடிச்சுக்கலாங்கிறான்." ஏனாம் என்று கேட்டேன். "அப்பாவுக்கு சங்கடமா இருக்குமாம்" என்றாள்.

உனக்குச் சங்கடமாக இருக்கும் என்று சொல்லியிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். சரி, அவன் இஷ்டம் என்று விட்டிருப்பேன். நீ எனக்குச் சங்கடமாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறாய். கோபமாகச் சொன்னானா என்று உன் அம்மாவிடம் கேட்டேன். இல்லையாம். மழை வந்தால் பந்தலுக்கு மேலே தார்ப்பாய் போட்டுவிடலாம் என்று சொல்வதைப் போலச் சாதாரணமாகச் சொன்னாயாம். நலங்கென்றால் மாப்பிள்ளை மேல்சட்டை இல்லாமல் மணையில் உட்கார வேண்டும். ஊர் பார்க்கும். உன் முதுகை ஊர் பார்த்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று, உன் கல்யாணத்தில் என்னை நீ பாதுகாக்கப் பார்க்கிறாய். என்னோடு பேசாத மகன் இதை மட்டும் மறக்காமல் ஏற்பாடு செய்கிறான். உன் கோபத்தைவிட இதுதான் என்னைக் கூனிக் குறுக வைக்கிறது.

நான் இந்தப் பக்கத்துச் செய்தியாளனாக மன்னார்குடிக்கும் தஞ்சாவூருக்கும் பஸ்ஸில் அலைந்தே தலை நரைத்தவன். ஆறு உடைந்ததையும் பயிர் மூழ்கியதையும் குடிசை எரிந்ததையும் எழுதினேன். யார், எங்கே, எப்போது, எப்படி என்று கேட்காமல் ஒரு வரி எழுதியதில்லை. ஊர்ப் பெயரில் ஓர் எழுத்து மாறி அச்சாகியிருந்தால்கூட, அதே பக்கத்தில் திருத்தம் போடச் சொல்லி அலுவலகத்தோடு மல்லுக்கு நிற்பேன். தவறு எந்த இடத்தில் வந்ததோ அந்த இடத்திலேயே திருத்தமும் வர வேண்டும் என்பது எங்கள் தொழிலின் நியாயம். ஆனால் தீக்காயச் செய்தியை நான் எழுதிய விதத்தை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். முதல் நாள், தீப்பிடித்தது, இன்னார் காயம் என்று எழுதுவேன். அடுத்து, சிகிச்சை பெற்று வருகிறார். அதற்குப் பிறகும் பத்திரிகைக்கு அக்கறை இருந்தால் ஒரே ஒரு வரி: வீடு திரும்பினார். அதோடு என் வேலை முடிந்தது. வீடு திரும்பியவர் எப்படிப் படுத்தார், எப்படி நிமிர்ந்தார், அடுத்த சித்திரை வெயிலை எப்படிக் கழித்தார் என்று எந்த வீட்டு வாசலிலும் போய் நின்று நான் கேட்டதில்லை. என் வீட்டுக்கே ஒருவன் அப்படித் திரும்பி வந்தபோதும் கேட்கவில்லை.

நடந்தது உனக்குத் தெரியும். மற்றவர்கள் படித்தால் புரிய வேண்டுமே என்று எழுதுகிறேன். நீ கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தாய். அறுவடை முடிந்து வைக்கோல் ஏற்றிய டிராக்டர் நம் தெருவுக்குத் திரும்பும் இடத்தில், தாழ்ந்து தொங்கிய மின்கம்பியில் பாரம் உரசிவிட்டது. பாரத்தின் மேல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீ மல்லாந்து படுத்திருந்தாய். தீ உனக்கு அடியிலிருந்து வந்தது. வாய்க்காலில் குதித்ததால் பிழைத்தாய். முகமும் மார்பும் வயிறும் தப்பின. முதுகு முழுவதும், இடது தோள், இரண்டு கைகள், பிடரி எல்லாம் போயிற்று. தொடையிலிருந்து தோலைச் சீவி எடுத்து முதுகில் வைத்தார்கள். வலது தோளின் மேல்புறம் உள்ளங்கை அகலத்துக்கு எப்படியோ காயம் படாமல் மிஞ்சியது. அந்த உள்ளங்கை அகலத் தோல்தான் பின்னால் எனக்கு ஒரு சாக்காக ஆயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு உனக்கு முழுக்கைச் சட்டைகள் வாங்கியது நான். நீ கேட்கவில்லை. தைத்த சட்டை, கழுத்துப்பட்டை உயரமானது, வெயிலானாலும் உள்ளே பனியன். தீபாவளிக்குத் தீபாவளி அதையே வாங்கினேன். நீ ஒரு முறை கோயில் குளத்தில் இறங்கச் சட்டையைக் கழற்றியபோது படிக்கட்டில் இருந்த பிள்ளைகள் பார்த்தார்கள். நான் ஓடி வந்து துண்டைப் போர்த்தினேன். அந்தப் பிள்ளைகள் பயந்துவிடக் கூடாதே என்று செய்ததாக அன்று உன் அம்மாவிடம் சொன்னேன். அதற்குப் பிறகு நீ குளத்தில் இறங்கவில்லை.

வயலில் நடந்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வேலைக்குப் போவதற்கு முந்தைய வருஷம், உரம் போட வந்தாய். மற்றவர்களோடு சரிக்குச் சரியாக வேலை செய்தாய். முடிந்ததும் அவர்கள் வரப்பில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விட்டார்கள். நீ மட்டும் மோட்டார் கொட்டகைத் தொட்டியில் இறங்கிக் கழுத்து வரை தண்ணீரில் கிடந்தாய். நான் வந்து பார்த்தேன். "எரும மாதிரி ஊறிக்கிட்டு கெடக்க. அவங்கள்லாம் மனுசங்க இல்லையா?" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "கொஞ்ச நேரம்ப்பா, வந்துடுறேன்" என்றாய். படிப்பு ஏறினால் உடம்பு வளையாது என்று அன்று மாலை டீக்கடையில் உன்னைப் பற்றித்தான் பேசினேன். உன் உடம்புக்கு என்ன வேண்டும் என்பதை எந்த டாக்டரும் சொல்லாமலேயே நீ கண்டுபிடித்து வைத்திருந்தாய். நான் அதற்கு ஒரு வசைச்சொல் கண்டுபிடித்தேன்.

பிறகு மலர் விஷயம் வந்தது. நீங்கள் இரண்டு பேரும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்துப் பழகி, இரண்டு வீட்டுக்கும் சொன்னீர்கள். திருவையாற்றுப் பக்கத்திலிருந்து அவள் அப்பா பேச வந்தார். காபி குடித்துவிட்டு, பேச்சோடு பேச்சாகத்தான் கேட்டார்: "தம்பிக்கு ஏதோ தீக்காயம்னு சொன்னாங்களே?" நீ பதில் சொல்ல வாயெடுத்தாய். நான் முந்திக்கொண்டேன். "கையில கொஞ்சமுங்க. சின்ன வயசுல பட்டது. ஆறிடுச்சு" என்றேன். கையில் மட்டும் இல்லை. சின்ன வயதில் இல்லை. ஆறவும் இல்லை என்று இப்போது தெரிகிறது. வாழ்நாளில் நான் எழுதிய எந்தச் செய்தியிலும் ஒரே மூச்சில் இத்தனை பொய் இருந்ததில்லை. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். பிறகு காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய்.

வைகாசிக்கு வருகிறேன். நம் ஊர் அம்மன் பல்லக்கு வண்டியில் போவதில்லை. தோளில்தான் போகும். வீட்டுக்கு ஒரு தோள் என்பது முறை. ஒரு வீட்டிலிருந்து ஆள் வராவிட்டால் அந்த வீட்டுத் தோள் விழுந்துவிட்டது என்பார்கள். போன வருஷம் வரை நான் தூக்கினேன். இந்த வருஷம் முழங்கால் மடங்கவில்லை. சம்பந்தி வீட்டாரையும் திருவிழாவுக்கு அழைத்திருந்தேன். அவர்கள் முன்னால் நம் வீட்டுத் தோள் விழக் கூடாது என்பதைத் தவிர வேறெதுவும் என் மண்டையில் இல்லை. நீ முதல் நாளே சொன்னாய்: "அப்பா, பகல் வெயில்ல எனக்கு ஒத்துக்காதுப்பா. ராசு சித்தப்பா மவன நிக்கச் சொல்லுங்களேன்." நான் சொன்னேன்: "ஊரே தூக்குது. வலது தோள்தான, அங்கதான் ஒண்ணும் இல்லையே." சரி என்று நீ சொல்லவே இல்லை என்பதையும் இங்கே எழுத வேண்டும்.

தூக்குகிறவர்கள் வேட்டியை மடித்துக் கட்டி, வெற்றுடம்போடு நிற்பார்கள். உனக்கு மட்டும் கஞ்சி போட்ட முழுக்கை வெள்ளைச் சட்டை, உள்ளே பனியன், கழுத்து வரை பொத்தான். நான்தான் எடுத்து வைத்தேன். பல்லக்கு வரும்போது வாசலுக்கு வாசல் பெண்கள் மஞ்சள் தண்ணீரைக் குடத்தோடு கொண்டுவந்து தூக்குகிறவர்கள் மேல் தலையோடு ஊற்றுவார்கள். அது அம்மனுக்குச் செய்கிற மரியாதை என்றுதான் நாமெல்லாம் நினைக்கிறோம். வைகாசி வெயிலில் பல்லக்குத் தூக்குகிறவன் விழாமல் இருப்பதற்கு யாரோ புத்திசாலித்தனமாக ஏற்படுத்தி வைத்த வழி அது என்பதை இவ்வளவு வருஷம் அந்தத் தண்ணீரில் நனைந்த நானே யோசித்ததில்லை. சட்டை நனைந்தால் முதுகில் ஒட்டும். ஒட்டினால் தழும்பு தெரியும். சம்பந்தி வீட்டார் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்கள். அதனால் நான் பல்லக்கின் பக்கத்திலேயே நொண்டிக்கொண்டு நடந்து, ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன்: "நம்ம தம்பிக்கு மேல வேணாம்மா. சட்ட நனையும். கால்ல மட்டும் ஊத்துங்க." எல்லோர் மேலும் ஊற்றினார்கள். உனக்குக் காலில் மட்டும் ஊற்றினார்கள்.

முதல் தெரு முடிந்ததும் பிள்ளையார் கோயிலுக்கு எதிரே முட்டுக்கட்டைகளில் பல்லக்கை நிறுத்தினார்கள். எல்லோரும் புங்கமரத்து நிழலில் உட்கார்ந்து மோர் குடித்தீர்கள். மற்றவர்களுக்கு மார்பிலும் முதுகிலும் வேர்வை வழிந்தது. கொஞ்ச நேரத்தில் அவர்கள் பேச்சும் சிரிப்புமாக எழுந்துவிட்டார்கள். நீ உட்கார்ந்தபடியே இருந்தாய்.

"இன்னும் எறங்கலப்பா" என்றாய்.

"என்னது எறங்கல?"

"சூடு. உள்ள அப்படியே நிக்கிது."

"மூச்சு வாங்குதா?"

"இல்ல. மூச்செல்லாம் சரியாயிடுச்சு."

"அப்புறம் என்ன?" என்றேன். மூச்சு சரியானால் ஆள் சரியாகிவிட்டான் என்பதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு. உன் முதுகில் கை வைத்துப் பார்த்தேன். சட்டை காய்ந்து மொடமொடவென்று இருந்தது. அப்போதுதான் பல்லக்கு முன்கட்டையைப் பிடிக்கிற உன் ராசு சித்தப்பா, மோர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "என்னண்ணே, ஒம் மவன் சட்டையில அயன்கூட கலையல. இவன் பல்லக்கத் தூக்குனானா, பல்லக்குல வந்தானா?" எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தியும் சிரித்தார். நானும் சிரித்தேன். என் சிரிப்பில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, என் மகன் அலுக்காதவன் என்று. நீயும் சிரிக்கப் பார்த்தாய். நான் உன் கையைப் பிடித்து எழுப்பிவிட்டேன். அவர்கள் யாரும் எழுப்பவில்லை, நான்தான் எழுப்பினேன்.

இரண்டாவது தெருவில் பாதி தூரம்கூடப் போகவில்லை. உன் கால் பின்ன ஆரம்பித்தது. நான் பக்கத்தில் வந்து, "நேரா நட" என்றேன். நீ என்னைப் பார்த்து, "பஸ் வந்துடுச்சாப்பா?" என்று கேட்டாய். அதற்குப் பிறகு பல்லக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இதையும் உள்ளபடியே எழுதிவிடுகிறேன். நான் முதலில் பல்லக்கைத்தான் பார்த்தேன். ராசு தோள் கொடுத்துத் தாங்கிவிட்டான். அடுத்து சம்பந்தியைப் பார்த்தேன். மூன்றாவதாகத்தான் தரையில் கிடந்த உன்னைப் பார்த்தேன்.

தூக்கிக்கொண்டு போய் ஒரு வீட்டு வாசல் பந்தலில் கிடத்தினார்கள். யாரோ உன் சட்டைப் பொத்தானைக் கழற்றக் கை வைத்தார்கள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேணாம், விடுங்க. காலையிலேருந்து சாப்பிடல, வெரதம். வெசிறி விட்டா போதும்" என்றேன். நீ அன்று காலை இட்லி சாப்பிட்டாய். உன் அம்மா போட்டாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மலர் வந்தாள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"மாமா, கைய எடுங்க."

நான் எடுக்கவில்லை. "ஒண்ணும் இல்லம்மா, வெறும் மயக்கம்" என்றேன்.

"அவருக்கு முதுகுல வேர்க்காது மாமா. கையிலயும் வேர்க்காது. வேர்க்கிற எடம் மார்பும் வயிறுந்தான். அதையும் சட்டை போட்டு மூடிட்டா வேற எங்க வேர்க்கும்? கைய எடுங்க."

எடுத்தேன். அவள் சட்டையைக் கிழித்தாள், பனியனைக் கிழித்தாள், உன்னைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்தாள். ஊரே உன் முதுகைப் பார்த்தது. அவள் அப்பாவும் பார்த்தார். அவள் அதைப் பற்றி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "கொடத்த கொண்டாங்க, ஊத்துங்க, அந்தப் பெடஸ்டல் ஃபேன இழுத்து வைங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் அந்தத் தெரு முழுக்கத் தடுத்துக்கொண்டு வந்த தண்ணீரெல்லாம் அப்போது உன் முதுகில் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன காரிலும் ஈரத்துணி போட்டுக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், முன்னாடி ஏதாவது பெரிய சிகிச்சை நடந்திருக்கிறதா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். யார், எங்கே, எப்போது, எப்படி என்று ஊரையே கேட்டவன் நான். எனக்கு வாய் வரவில்லை. மலர்தான் சொன்னாள். எங்கே எரிந்தது, எங்கிருந்து தோல் எடுத்தார்கள், எல்லாம் சொன்னாள். விழுவதற்கு முன்பு என்ன செய்தாய், எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாய் என்பதையும் கவனித்து வைத்திருந்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பழகிய காலத்திலேயே நீ அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய். நான் காப்பாற்றிய ரகசியம் என்று ஒன்று இருக்கவே இல்லை.

உன்னைப் பார்த்துக்கொண்ட டாக்டர் சின்ன வயதுப் பெண். நீ தூங்கிக்கொண்டிருந்தபோது அவரிடம் போய் உட்கார்ந்தேன். பழைய பழக்கத்தில் கேள்வி கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். ஆழமாக எரிந்த இடத்தில் வேர்வைச் சுரப்பிகள் போய்விடுகின்றன. தொடையிலிருந்து மெல்லிசாகச் சீவி வைக்கிற தோலோடு அவை வருவதில்லை. காயம் மூடிவிடும், வலி போய்விடும், ஆனால் அந்த இடம் இனி வேர்க்காது. வேலை செய்யும்போது எல்லோர் உடம்பிலும் சூடு ஏறுகிறது, இவருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஏறும் என்றார். அதற்குப் பிறகு சொன்னதுதான் எனக்கு உறைத்தது: "ஓடும்போது மட்டும் பாக்காதீங்க சார். நின்ன பிறகு பாருங்க. மத்தவங்களுக்கு நிழல்ல உக்காந்தா சூடு கடகடன்னு எறங்கிடும். இவருக்கு எறங்க ரொம்ப நேரம் ஆகும். மூச்சு, நாடி எல்லாம் சரியான மாதிரி இருக்கும், உள்ள சூடு அப்படியே நிக்கும். அதுக்கு மேல இன்னொரு வேலை செஞ்சா, பழைய சூட்டு மேல புதுச் சூடு ஏறும்." நீ என்னிடம் மரத்தடியில் சொன்ன அதே சொல்: அப்படியே நிற்கிறது.

தம்பி, இதை நான் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதே இல்லை. கார்த்திகை மழையில் நம் பக்கத்துப் பயிர் அழுகுவதைப் பற்றி எத்தனை முறை எழுதியிருக்கிறேன். மழை பயிரை அழிப்பதில்லை, மழை விட்ட பிறகும் வடியாமல் நிற்கிற தண்ணீர்தான் அழிக்கிறது என்று ஒவ்வொரு வருஷமும் எழுதினேன். வடிகால் தூர்ந்து கிடக்கிறது, அதிகாரிகள் வானத்தைப் பார்க்கிறார்கள், வாய்க்காலைப் பார்க்கவில்லை என்று எழுதினேன். பக்கத்து வயலில் தண்ணீர் வடிந்து வரப்பு தெரியும். வடிகால் இல்லாத வயல் வெயிலடித்தும் குளமாகவே கிடக்கும். அதன் மேல் அடுத்த மழை வரும். வயலைப் பார்த்து இதைச் சொல்லத் தெரிந்தவனுக்குத் தன் மகன் தொட்டியில் கிடந்ததைப் பார்த்துச் சொல்லத் தெரியவில்லை.

தெரியாமல் செய்தேன் என்று உன்னிடம் சொல்லலாம் என்று முதலில் நினைத்தேன். அது பாதிதான் உண்மை. வேர்வைச் சுரப்பி பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் வெயில் ஒத்துக்காது என்று நீ சொன்னது தெரியும். சூடு இறங்கவில்லை என்று நீ சொன்னது தெரியும். ராசு தெரியாமல் கிண்டல் செய்தான். இன்னும் நம் வீட்டுப் பக்கம் வர வெட்கப்படுகிறான். நான் அவன் வீட்டுக்குப் போய், நீ வெட்கப்பட ஒன்றும் இல்லை, அது என் பங்கு என்று சொல்லிவிட்டு வந்தேன். உன் உடம்பைப் பற்றி நீ சொன்ன சாட்சியத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை. என் கையால் தொட்டுப் பார்த்த காய்ந்த சட்டையை எடுத்துக்கொண்டேன். உன் முதுகை நான் மறைத்தது உனக்காக என்று இவ்வளவு நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் இல்லை. அழகான பிள்ளையின் அப்பாவாகவே நான் இருக்க ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்.

சம்பந்தி வீட்டுக்குப் போன வாரம் போனேன். உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அவர் வாசலில் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். அன்று உங்களிடம் சொன்னது பொய், கையில் கொஞ்சம் இல்லை, முதுகு முழுக்க, கல்லூரியில் படிக்கும்போது பட்டது, ஆறவில்லை, வாழ்நாள் முழுக்க அவன் வெயிலில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னேன். அவர் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். "அதான் ஊரோட பாத்துட்டோமேங்க. அதுக்கு முன்னாடியே மலர் எல்லாத்தையும் சொல்லிடுச்சு. நீங்க எப்ப சொல்லுவீங்கன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தோம்" என்றார். பிறகு கொஞ்சம் சிரித்தார். "ஆனா ஒண்ணு சம்பந்தி. அன்னைக்கு நீங்க அந்தப் பொத்தானப் புடிச்ச புடி இருக்கே, அந்தப் புடி புடிச்சு நான் எம் மவள வளத்துருந்தா, மாமனாரப் பாத்தே கைய எடுங்கன்னு சொல்லியிருக்க மாட்டா." எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன் என்று எழுதினால் உனக்குப் பிடிக்காது. கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி குடித்தேன்.

அறிவுரை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் அப்பன் என்கிற பழக்கம் விடாது. மெட்ராஸில் ரயில் படி ஏறி இறங்கி அலுவலகம் போகிறாய். மூச்சு சரியாகிவிட்டது என்று அடுத்த வேலையில் இறங்காதே. கழுத்தில் ஈரத்துண்டு போட்டுக்கொண்டு காற்றில் உட்கார். "தண்ணியும் காத்தும்தான் சார் இவருக்கு வேர்வை" என்றார் அந்த டாக்டர். யாராவது சோம்பேறி என்றால் சொல்லிவிட்டுப் போகட்டும், முதலில் சொன்னவன் நான்தான். உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது எங்கேயாவது வலிக்கிறது என்றால், அங்கே ஒன்றும் இல்லையே என்று சொல்லாதே. அது சொல்வதை எழுதிக்கொள்கிறவனைப் போலக் கேள். உன் சார்பில் யார் கேள்விக்குப் பதில் சொல்ல வந்தாலும், அது நானாக இருந்தாலும், மலராக இருந்தாலும், குறுக்கே நீ பேசு.

இந்தக் கடிதத்தை நான் எழுதிவந்த பத்திரிகைக்குக் கொடுக்க நினைத்திருக்கிறேன். பொய்யை ஊர் முன்னால் சொன்னேன், திருத்தத்தை உன் காதில் மட்டும் சொன்னால் போதாது. ஆனால் இது உன் உடம்பைப் பற்றிய செய்தி. உன்னைக் கேட்காமல் ஒரு முறை மூடினேன், உன்னைக் கேட்காமல் திறப்பதும் அதே தப்புத்தான். அதனால் முதலில் உனக்கு அனுப்புகிறேன். வேண்டாம் என்றால் கிழித்துப் போடு, நான் மறுபடி எழுத மாட்டேன். வேறு யாராவது இதைப் படிக்கிறார்கள் என்றால் நீ சம்மதித்தாய் என்று அர்த்தம்.

இனி நலங்கு. மாடி அறைதான் வேண்டும் என்று உனக்கே தோன்றினால் மாடியிலேயே வைத்துக்கொள். சட்டையோடு உட்கார நினைத்தால் அப்படியே உட்கார். என் சங்கடத்துக்காக என்று மட்டும் வேண்டாம். அதைச் சுமக்க வேண்டியவன் நான். எனக்கு ஒரே ஒரு ஆசை இருக்கிறது. நலங்கு வைப்பது பெண்கள். முடிந்ததும் தண்ணீர் ஊற்றுவது மாமன். அப்பனுக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது, வருகிறவர்களை வாங்க வாங்க என்று சொல்வதைத் தவிர. உன் மாமாவிடம் பேசினேன், முதல் குடத்தை நான் ஊற்றுகிறேன் என்று. "இது எந்த ஊரு மொறை அத்தான்?" என்றான். நம் வீட்டு முறை, இந்த வருஷத்திலிருந்து என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஊத்துங்க. ரெண்டாவது நான் ஊத்திக்கிறேன்" என்றான். இனி நீ சரி என்று சொல்ல வேண்டும். இந்த முறை நீ சொல்லாத சரியை நானாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

வெந்நீர் விளாவ வேண்டாம், அடிபம்புத் தண்ணீரே இருக்கட்டும் என்று உன் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அப்பா